கொடிகள் மாறிய கரை: பினாங்கின் போர்க்காலமும் படைவீரர் நலனும்

பினாங்குத் தீவுக்கும் எதிரே தெரியும் செபராங் பிறைக் கரைக்கும் இடையில் உள்ள கடற்கால் ஜார்ஜ்டவுன் பக்கத்தில் சுமார் 3 கிலோமீட்டர்தான் அகலம். இரு பக்கமும் நிலம் அணைத்திருப்பதால் மழைக்காலத்திலும் கப்பல்கள் அச்சமின்றி நங்கூரம் போடலாம். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலும் வங்காள விரிகுடாவின் கிழக்கு ஓரமும் இங்கிருந்து கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இந்தத் தீவைப் பிடித்ததற்கும், பின்னால் இரண்டு உலகப் போர்களிலும் அந்நியக் கப்பல்கள் இதைத் தேடி வந்ததற்கும் இந்த நீர்வழிதான் காரணம்.

முதல் போர் பினாங்கை அதிகாலையில் வந்து தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியக் கப்பலான எம்டன், அக்டோபர் 28 விடியுமுன் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல் என்று எண்ணவைக்கப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் டார்பிடோவால் அடிபட்டுச் சில நிமிடங்களில் மூழ்கியது. 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். அந்தக் கப்பலின் தளபதி அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். பிற்பாடு அதற்காக ராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலான மூஸ்கேயும் எம்டனிடம் சிக்கி அழிந்தது. ரஷ்ய மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இன்றும் இருக்கிறது. ரஷ்யத் தூதரகத்தார் அங்கே வந்து மலர்வளையம் வைக்கிறார்கள்.

அந்தப் போரில் இறந்தவர்களுக்காகப் பாடாங் கோத்தா லாமா கடற்கரைத் திடலின் ஓரத்தில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. 1929 நவம்பர் 11-இல் அதைத் திறந்துவைத்தனர். பிறகு வந்த ஒவ்வொரு போரும் அந்தக் கல்லில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே போனது.

வானத்தைப் பார்க்காத கோட்டை

1930-களில் ஜப்பான் மீது ஐயம் வலுத்தபோது பிரிட்டிஷார் பினாங்கை "கோட்டை" என்று அறிவித்தார்கள். தீவின் தென்கிழக்கு மூலையில் பத்து மாவுங் குன்றைக் குடைந்து சுரங்கங்களும் பீரங்கி மேடைகளும் கட்டினார்கள். குளுகோர் பக்கத்தில் மின்டன் படைமுகாம் எழுந்தது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் கடல்வழியே வரும் எதிரியை எண்ணிச் செய்யப்பட்டது. கடலைப் பார்த்து 6 அங்குலப் பீரங்கிகள் நின்றன. வானத்தைப் பார்த்து நிற்க விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. காவலுக்கு நின்றதும் சிறு படைதான்: பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சில வீரர்கள், பீரங்கிப் படையினர், உள்ளூர்த் தொண்டர் படை. தொண்டர் படையில் ஐரோப்பியரோடு யூரேசியர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் இருந்தனர். அலுவலகத்தில் குமாஸ்தாவாகவோ பள்ளியில் ஆசிரியராகவோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் அவர்கள்.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் தென்கரையிலும் இறங்கினார்கள். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் விமானத் தளங்கள் இரண்டு மூன்று நாட்களிலேயே பயனற்றுப் போயின. 11-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் வந்தன. அதுவரை குண்டுவீச்சைப் பார்த்திராத ஊர் அது. மக்கள் பதுங்கவில்லை. தெருவிலும் மாடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெருக்களில் குண்டுகள் விழுந்தன. தாழப் பறந்த விமானங்கள் கூட்டத்தைச் சுட்டன. அடுத்த நாட்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. இறந்தவர்கள் 600 பேர் என்று சொல்வோரும் உண்டு, 2,000-க்கு மேல் என்று சொல்வோரும் உண்டு. எண்ணி எழுத ஆள் இல்லாத வாரம் அது என்பதே இந்த இடைவெளிக்குக் காரணம். நகராட்சித் தொழிலாளர்களும் துறைமுகக் கூலிகளும் ஆயர் ஈத்தாம் பக்கமும் தீவின் மறுபுறமும் ஓடிவிட்டனர். பிணங்கள் இடிபாடுகளுக்குள் கிடந்தன. எரிந்த கடைகளில் கொள்ளை நடந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் பினாங்கு பிரிட்டிஷாரை மன்னிக்காததற்குக் காரணம். 13-ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் அக்கரைக்கு அனுப்பினார்கள். 16-ஆம் தேதி இரவு மிச்சமிருந்த ஐரோப்பிய அதிகாரிகளும் காவல்படையும் கிளம்பினார்கள். படகோட்டிகள் ஓடிவிட்டதால், சில நாட்களுக்கு முன் கடலில் மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் போர்க்கப்பல்களில் உயிர்தப்பிய மாலுமிகள் வந்து படகுகளை ஓட்டினர். ஊரின் ஆசியருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்டர் படையின் ஆசிய வீரர்களிடம் மட்டும், படையோடு தெற்கே வரலாம் அல்லது குடும்பத்தோடு ஊரில் இருக்கலாம் என்று சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை எரியும் ஊரில் விட்டுவிட்டு யார் போவார்கள்? ஏறக்குறைய எல்லோரும் தங்கிவிட்டனர்.

அவசரத்தில் செய்த வேலையும் அரைகுறையாகவே இருந்தது. பீரங்கிகளைத் தகர்த்தார்கள், வானொலி நிலையத்தை அப்படியே விட்டார்கள். துறைமுகத்தில் 24 இயந்திரப் படகுகளும் ஏராளமான தோணிகளும் ஓட்டை போடப்படாமல் மிதந்தன. ஜப்பானியர் அவற்றிலேயே ஏறி மலாயாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் படைக்குப் பின்னால் இறங்கினார்கள். சில நாள் கழித்துச் சிங்கப்பூர் வானொலியில் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களைப் பத்திரமாக வெளியேற்றியாயிற்று என்ற தொனியில் பேசினார். அந்தப் பேச்சில் "மக்கள்" என்றால் வெள்ளையர் மட்டுமே என்பது கேட்ட எல்லாருக்கும் புரிந்தது. ஆளுநர் ஷென்டன் தாமஸ் இனிமேல் வெளியேற்றத்தில் இனப் பாகுபாடு கூடாது என்று உத்தரவிட்டார். பினாங்கைப் பொறுத்தவரை அது காலங்கடந்த உத்தரவு.

ஆளில்லாத மூன்று நாள்

17-ஆம் தேதி விடிந்தபோது ஊரில் அரசாங்கம் இல்லை. ஸ்டிரெயிட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து அன்று பொறுப்பேற்றார். அவர் இலங்கைத் தமிழர். கொழும்பின் முதல் மேயராயிருந்த இரத்தினசோதி சரவணமுத்துவின் உடன்பிறந்தவர். குண்டுவீச்சு தொடங்கிய நாளிலிருந்தே பல இனத்தாரையும் கூட்டி ஒரு சேவைக் குழு அமைத்து, பிணங்களை அகற்றவும் அரிசி பங்கிடவும் கொள்ளையைத் தடுக்கவும் முயன்றுகொண்டிருந்தார். ஆங்கிலேயர் போய்விட்டது தெரிந்ததும் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய்க் கம்பத்தில் இன்னும் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். பிறகு ஆங்கிலேயர் தகர்க்காமல் விட்டுப்போன அதே வானொலி நிலையத்திலிருந்து, ஊரில் படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். குண்டுவீச்சு நின்றது. 19-ஆம் தேதி ஜப்பானியர் எதிர்ப்பின்றி உள்ளே வந்தனர்.

கொடியை இறக்கியவரைத் துரோகி என்று சொல்ல அன்றும் ஆள் இருந்திருக்கலாம். ஆனால் கொடிக்குச் சொந்தக்காரர்களே அதை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஜப்பானியர் கொஞ்ச நாளிலேயே அவரைச் சிறையில் தள்ளினார்கள். போர் முடிந்தபின் மலாயாவில் இலங்கை அரசின் பிரதிநிதியாகவும் தூதராகவும் பணியாற்றினார். தம் வரலாற்றை அவர் எழுதிய 'தி சாரா சாகா' 1970-இல் பினாங்கில் வெளிவந்தது. பினாங்கின் போர்க்காலத்தை எழுதும் யாரும் அந்த நூலைத் தொடாமல் எழுத முடியாது.

நீர்மூழ்கிகளின் துறை

அடுத்த மூன்றரை ஆண்டு, ஊர் மக்கள் "ஜப்பான்காரன் காலம்" என்று சொல்லும் காலம். அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. வாழைமரம் அச்சடித்த நோட்டு வந்தது. நாளாக ஆக அது வெறும் காகிதமானது. சீனர்களுக்குத்தான் முதல் அடி. சீனாவின் போருக்கு நிதி திரட்டியவர்களையும் பர்மா சாலையில் லாரி ஓட்டத் தொண்டர்களை அனுப்பியவர்களையும் ஜப்பானியர் பழிவாங்கினார்கள். 1942 ஏப்ரலில் ஆண்களைத் திடல்களில் கூட்டி, முகத்தை மூடிய காட்டிக்கொடுப்போர் தலையசைத்தவர்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். சுங் லிங் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் பலியானார்கள். போருக்குப் பின் தோண்டியெடுத்த எலும்புகளை வைத்து ஆயர் ஈத்தாமில் எழுப்பிய நினைவுச்சின்னம் 1951 நவம்பர் 11-இல் திறக்கப்பட்டது.

துறைமுகம் ஜப்பானிய நீர்மூழ்கிப் படையின் தளமானது. 1943-இல் ஜெர்மானிய, இத்தாலிய நீர்மூழ்கிகளும் வந்து சேர்ந்தன. மூன்று அச்சு நாடுகளின் கொடிகளும் சேர்ந்து பறந்த துறைமுகங்கள் உலகில் அரிது. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை அவற்றில் ஒன்று. சுபாஷ் சந்திர போஸை ஏற்றிவரப் புறப்பட்ட ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியும் 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்துதான் கிளம்பியது. மடகாஸ்கருக்குப் பக்கத்துக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து போஸ் அதற்கு மாறினார்.

இந்தத் தளத்தின் ஒரு பகுதி தண்ணீர்மலைக்கும் வந்தது. முருகன் கோயிலுக்கு அப்பால், அருவியை ஒட்டி 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவை ஜப்பானியக் கடற்படை எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கின் மறைவு விமானத்தின் கண்ணுக்குத் தப்பும் என்பதால் அங்கே வெடிமருந்தைச் சேர்த்துவைத்தார்கள், டார்பிடோக்களைப் பூட்டினார்கள், சுரங்கங்கள் தோண்டினார்கள். தைப்பூசத்துக்கு வெள்ளிரதம் வரும் சாலையின் கோடியில் கப்பலைக் கவிழ்க்கும் கருவி தயாரானது.

பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வாசலிலேயே காத்திருந்தன. 1943 நவம்பரில் ஐ-34 பினாங்குக்கு வரும் வழியில் மூழ்கடிக்கப்பட்டது. 1944 ஜனவரி 11-இல் டாலி-ஹோ என்ற நீர்மூழ்கி குமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை வீழ்த்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மானிய யூ-859 பினாங்குக்கு அருகே அழிந்தது. அக்டோபரில் நேச நாட்டு விமானங்கள் கடற்காலில் கண்ணிவெடிகளைத் தூவின. அதன்பின் பினாங்கு நீர்மூழ்கிகளுக்குப் பாதுகாப்பான இடமாக இல்லை. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் ஊரையும் குண்டுவீசித் தாக்கின. நினைவுத்தூண் அதில் சிதைந்தது. 1948-இல் திரும்பக் கட்டினார்கள்.

இந்தியர் போன இரண்டு பாதைகள்

பினாங்கு இந்தியருக்கு இந்த ஆண்டுகள் திறந்துவிட்ட வழிகள் இரண்டு. ஒன்று இந்திய விடுதலைப் போர். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் இந்திய சுதந்திர லீகின் முன்னணித் தலைவர். 1942-இல் அவர் ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிடியூட் என்ற பயிற்சி நிலையத்தை நடத்தினார். இந்தியாவுக்குள் ரகசியமாகப் போய் வேலை செய்ய இளைஞர்களை அங்கே தயார்செய்தார்கள். செப்டம்பரில் சிலரை நீர்மூழ்கியில் ஏற்றி மலபார் கரையில் தானூரிலும் கத்தியவார் கரையிலும் இறக்கினார்கள். இறங்கியவர்கள் விரைவிலேயே பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரை 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ராகவனோ, தம்மைக் கேட்காமல் மாணவர்களை ஜப்பானியர் கொண்டுபோனதை எதிர்த்து நிலையத்தையே மூடிவிட்டார். பின்னர் போஸின் ஆசாத் ஹிந்து அரசில் நிதிப்பொறுப்பு வகித்தார். சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவுக்கும் போனார்.

1943 ஜூலையில் போஸ் தலைமை ஏற்றதும் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிப்பாய் ஆனார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். நாட்டுப்பற்று இதில் பெரும்பங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் சீருடை போட்டவனை ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற கணக்கும் பலர் மனத்தில் இருந்தது.

அந்த ரயில்தான் இரண்டாவது பாதை. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தனர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் அங்கே போனார்கள்; பெரும்பாலோர் தோட்டத் தமிழர். முதலில் கூலி, அரிசி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று கிராணிகளும் கங்காணிகளும் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்தபின் லயத்தைச் சுற்றிவளைத்தும் இலவசச் சினிமா காட்டுவதாகக் கூட்டியும் பிடித்தார்கள். காலராவும் மலேரியாவும் புண்ணும் பட்டினியும் ஆயிரக்கணக்கில் கொன்றன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளிடம் மருத்துவர்களும் பட்டியல் எழுதும் அதிகாரிகளும் இருந்தார்கள். தமிழ்த் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. அதனால் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழர் புதைந்த இடங்களில் காடு இருக்கிறது.

1945 செப்டம்பர் 2-இல் நெல்சன் என்ற போர்க்கப்பலில் ஜப்பானிய ரியர் அட்மிரல் உவோசூமி ஜிசாக்கு பினாங்கை ஒப்படைக்கும் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் ராயல் மரீன் படை கரையிறங்கியது. சிங்கப்பூரில் அதிகாரபூர்வச் சரணடைவு நடந்தது 12-ஆம் தேதிதான். மலாயாவில் முதலில் மீட்கப்பட்ட இடம் பினாங்கு. முதலில் கைவிடப்பட்டதும் பெரிய ஊர்களில் அதுவே.

யாருக்கு எவ்வளவு

துப்பாக்கி ஓய்ந்ததும் கணக்கு பார்க்கும் காலம் வந்தது. எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்பதைப் பார்த்தே ஒவ்வொருவனுக்கும் அளந்தார்கள்.

காட்டில் ஜப்பானியரோடு போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், 1945 டிசம்பரில் ஆயுதத்தை ஒப்படைத்தபோது தலைக்கு 350 வெள்ளி பெற்றனர். வேலைவாய்ப்பும் வாக்களிக்கப்பட்டது. இரண்டரை ஆண்டில் அவர்களில் பலர் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களாகக் காட்டுக்குத் திரும்பினார்கள். 350 வெள்ளி ஒரு படைவீரனை நெடுநாள் ஊரில் நிறுத்திவைக்காது என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரிட்டிஷ் படையில் இருந்து கைதானவர்களுக்கு 1951-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை வழிசெய்தது. அதன் 16-ஆவது பிரிவு, ஜப்பானிடம் துன்பப்பட்ட போர்க்கைதிகளுக்கு இழப்பீடு தரச் சொன்னது. பிரிட்டிஷ் கைதி ஒருவருக்கு மொத்தம் கிடைத்தது 76 பவுனும் சில்லறையும்தான். அதைவிடக் கவனிக்க வேண்டியது அப்பிரிவின் சொற்கள். அது ஆயுதப் படையினரை மட்டுமே பேசியது. ரயில் போட்ட தமிழன் படையினன் அல்லன். அவனுக்கு அதில் இடமே இல்லை. 2000 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்த கைதிகளுக்கு 10,000 பவுன் அறிவித்தபோது ஓரளவு நியாயம் நடந்தது. அப்போதும் பிரிட்டனில் பிறந்த பெற்றோரோ தாத்தா பாட்டியோ உண்டா என்று பொதுமக்கள் கைதிகளிடம் இரத்த உறவு கேட்டார்கள். அந்த விதி நீதிமன்றம்வரை போனது. கூர்க்கா வீரர்களும் வழக்குப் போட்டே அத்தொகையைப் பெற்றனர்.

ரயில் பாதையின் கதை இன்னும் கசப்பானது. போருக்குப் பின் அந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியைப் பிரிட்டிஷார் 12.5 லட்சம் பவுனுக்குத் தாய்லாந்து அரசிடம் விற்றனர். தண்டவாளமும் வண்டிகளும் பறிகொடுத்த மலாயா, பர்மா, ஜாவா ரயில்வேகளுக்கு அந்தப் பணத்தில் ஈடு செய்தனர். தண்டவாளத்துக்கு விலை கிடைத்தது. அதைத் தோளில் தூக்கிப் போட்டவனின் விதவைக்குக் கிடைக்கவில்லை. 1967 செப்டம்பர் 21-இல் ஜப்பான் மலேசியாவுடன் செய்த ஒப்பந்தப்படி 294 கோடி யென் தந்தது. அதுவும் மலேசியக் கப்பல் நிறுவனத்துக்கு இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. குடும்பங்களுக்குத் தனித்தனியே எதுவும் வரவில்லை.

இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர் நிலை வேறு விதமானது. டெல்லிச் செங்கோட்டையில் அவர்களின் அதிகாரிகள்மீது நடந்த ராணுவ வழக்கு அவர்களை நாயகர்களாக்கியது. ஆனால் சுதந்திர இந்தியா தன் படையில் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலையின் 25-ஆம் ஆண்டான 1972-இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் தொடங்கியபோதுதான் அவர்களுக்கும் வழி திறந்தது. 1980-இல் வருமான வரம்பு நீங்கியது. தமிழ்நாடு அரசும் தனியே ஓய்வூதியம் தந்தது. இந்தத் திட்டங்கள் இந்தியாவில் குடியிருப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆசாத் ஹிந்து அரசின் பெயரால் சண்டையிட்டுவிட்டுப் பினாங்கிலும் கெடாவிலும் தோட்ட வேலைக்கே திரும்பியவர்கள் வேறொரு நாட்டின் குடிகளாகி முதுமையடைந்தார்கள். அவர்களைக் கவனித்தது பிள்ளைகளும் உள்ளூர்ச் சங்கங்களுமே.

சுதந்திர நாட்டின் வீரர்கள்

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூன் 18-இல் அவசரகாலம் பிறந்தது. மின்டன் முகாம் காமன்வெல்த் படைகளின் இடமானது. 28-ஆவது காமன்வெல்த் படையணி 1955-இல் பினாங்கில் உருவானது. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படை நிலைகொண்டது, 1988-இல்தான் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்தது. மின்டனின் படைவீரர் கட்டடங்கள் 1971 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருக்கின்றன. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. பின்பு 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் மோதல். அதன்பின் எல்லைக் காடுகளில் மறுபடி கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி. 1989 டிசம்பர் 2-இல் ஹட்யாய் உடன்பாட்டோடு அது ஓய்ந்தது. இந்தப் போர்களில் பினாங்குத் தமிழரும் மலேசியச் சீருடையில் நின்றனர். இன்று பினாங்கில் "முன்னாள் படைவீரர்" என்றால் பெரும்பாலும் இந்தக் கடைசிக் காலத்தவர்கள்தாம்.

அவர்களுக்கான ஏற்பாடுகள் முந்தைய தலைமுறை கனவிலும் காணாதவை. 1972-இல் அமைந்த படைவீரர் சேமநிதியான எல்.டி.ஏ.டி., வீரரின் சம்பளத்தில் 10 சதவீதமும் அரசின் பங்காக 15 சதவீதமும் சேர்த்துவைக்கும் முறையில் வளர்ந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பெர்ஹெபாட் கழகம், பணி முடிந்து வெளியே வருபவர்களுக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. தற்காப்பு அமைச்சின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை மருத்துவ உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, இயற்கைப் பேரிடர் உதவி ஆகியவற்றைக் கவனிக்கிறது. 2012-இல் வந்த படைவீரர் சட்டம் யார் முன்னாள் படைவீரர் என்பதை முதல்முறையாகச் சட்டத்தின் வாயால் சொன்னது.

ஆனால் இங்கும் ஒரு கோடு இருக்கிறது. சாதாரண நிலை வீரர் 21 ஆண்டு பணி செய்தால்தான் ஓய்வூதியம். பத்தோ பன்னிரண்டோ ஆண்டு காட்டில் அலைந்து, காலில் கண்ணிவெடித் தழும்போடு ஒப்பந்தம் முடிந்து வந்தவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்கு அரசு பின்னாளில் வாழ்க்கைச் செலவு உதவித்தொகை தந்தது. அது உரிமையாக வந்ததல்ல, உதவியாக வந்தது. ஓய்வூதியம் பெறுவோரிலும் 2013-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள், பின்னால் வந்தவர்களைவிடத் தங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்று நெடுநாள் வாதாடி வந்திருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது: ஒரே காட்டில் ஒரே நிலையில் நின்றவர்களுக்கு ஓய்வுபெற்ற தேதியை வைத்து வேறுபாடு காட்ட நல்ல காரணம் எதுவும் இல்லை.

வெளிநாட்டு வீரரையும் மலேசியா மறக்கவில்லை. 1957 முதல் 1966 வரை இங்கே பணியாற்றிய காமன்வெல்த் வீரர்களுக்குப் பிங்காட் ஜாசா மலேசியா என்ற பதக்கத்தை அறிவித்தது. பிரிட்டிஷ் அரசு, பதக்கத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மார்பில் குத்திக்கொள்ளக் கூடாது என்று பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்ததை வேடிக்கையாகத்தான் கொள்ளவேண்டும். மறுபக்கம், 1921-இல் கேப் டவுனில் தொடங்கிய ராயல் காமன்வெல்த் எக்ஸ்-சர்வீசஸ் லீக், பழைய பிரிட்டிஷ் படைகளில் இருந்துவிட்டுப் பிற நாடுகளில் வறுமையில் வாடும் முதியவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் சாப்பாட்டுச் செலவுக்காவது பணம் போய்ச்சேரப் பாடுபடுகிறது.

பினாங்கில் இந்த நினைவைச் சுமப்பவர்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தார். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நினைவு ஞாயிறன்று பாடாங் ஓரத்து நினைவுத்தூணில் கூடி மலர்வளையம் வைக்கிறார்கள். நாடு முழுவதும் ஜூலை 31-ஐ வீரர் தினமாகக் கொண்டாடுகிறது. அதையொட்டித் திரட்டும் நிதி வறிய வீரர்களுக்குப் போகிறது. தூணில் முதல் உலகப் போரோடு ஜப்பானியப் படையெடுப்பும் அவசரகாலமும் இந்தோனேசிய மோதலும் பிந்தைய கிளர்ச்சியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சயாம்–பர்மா ரயிலும் அந்த வரிசையில் இருக்கிறது. பணம் மறுத்த இடத்தில் கல்லாவது இடம் கொடுத்தது.

ரயில் தொழிலாளருக்காக மலேசியத் தமிழர் அமைப்புகள் இப்போது பெயர்களைத் திரட்டி வருகின்றன. காஞ்சனபுரியில் பெயர் தெரியாத தமிழரின் எலும்புகள் கிடக்கும் வாட் தாவோர்ன் புத்த விகாரையில் 2023-இல் அவர்களுக்கு ஒரு நடுகல் நட்டார்கள். அதில் பொறிக்கப் பெயர்கள் இல்லை. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றியோ, திரும்பிவந்து வாய்திறக்காத பெரியப்பாவைப் பற்றியோ அறிந்தவர் குடும்பத்தில் இன்னும் இருந்தால், பெயரையும் தோட்டத்தையும் இன்றே எழுதி அந்த அமைப்புகளிடம் கொடுத்துவிடுவது நல்லது.